கோதுமை இல்லாத தட்டு – 6
தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்...

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் புண்படுவது சீலியாக் நோய். கோதுமையை நிறுத்தினால் அந்நோயுள்ள குழந்தைகள் தேறுகிறார்கள் என்று டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கெ 1950இல் தன் ஆய்வேட்டில் காட்டியதைச் சென்ற வாரம் பார்த்தோம். நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. நிறுத்திய பிறகும் அது எப்படியோ வாய்க்குள் வந்துவிட்டால் என்ன செய்வது?

கல்யாணப் பந்தியில் சாம்பாரும் சோறும் மட்டுமே சாப்பிட்டவருக்கு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் குமட்டும், வாந்தி வரும். சிலருக்கு மறுநாள்தான் வயிறு உப்பிப் பேதியாகும். வேறு சிலருக்கு வயிற்றில் ஒன்றுமே தெரியாது. உடம்பு அடித்துப்போட்டதுபோல் சோர்ந்துவிடும். சில மணி நேரத்தில் தணிவதும் உண்டு, சில நாட்கள் படுக்கையில் தள்ளுவதும் உண்டு.

உள்ளே போன குளூட்டனை முறிக்க மருந்து எதுவும் இல்லை. குளூட்டனைச் செரிக்க வைக்கும் என்று விற்கப்படும் என்சைம் மாத்திரைகள் சீலியாக் நோயாளிகளைக் காப்பாற்றும் என்பதற்கு நம்பத்தகுந்த நிரூபணம் இல்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது, வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று பேதி மருந்து குடிப்பது. ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பு மேலும் வற்றும். வேண்டியது ஓய்வும் நீரும்தான். ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்புப் போட்ட நொய்க்கஞ்சி, பிறகு குழைந்த சோறு, இட்லி. கஞ்சி என்றதும் கடைச் சத்துமாவைக் கரைத்துவிடாதீர்கள். பலவற்றில் கோதுமை சேர்ந்திருக்கும். பாலைச் சில நாட்கள் தள்ளிவைப்பது நல்லது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறது. நுனி புண்பட்டால் பால் ஒத்துக்கொள்ளாது. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, மலத்தில் ரத்தம், குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு முறை தவறிப்போனதற்காக, இருந்த பத்தியம் எல்லாம் வீண் என்று மனம் உடைய வேண்டாம். மறுபடியும் பத்தியத்துக்குத் திரும்பினால் குடல் தானே ஆறிக்கொள்ளும். உண்மையில் அஞ்ச வேண்டியது அன்றாடம் அறியாமல் சேரும் துளியைத்தான். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பத்தியத்தில் இருந்த நோயாளிகளுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தரப்பட்டது. அவ்வளவிலேயே குடலுறிஞ்சிகள் சேதமடைந்தன. ஒரு கோதுமை ரொட்டித் துண்டில் ஏறத்தாழ 2 கிராம் இருக்கும்; அதில் நாற்பதில் ஒரு பங்குதான் இது.

அதனால் உடம்பு சற்றுத் தேறியதும், குளூட்டன் எந்த வழியாக வந்தது என்று தேடுங்கள். நம் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது பெருங்காயத்தை. சுத்தமான பெருங்காயப் பிசின் காரமும் நெடியும் மிகுந்தது. அதைத் தணிக்க மாவு கலந்தே கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை. டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். ரசம், சாம்பார், ஊறுகாய், முறுக்கு, மோர் என்று அது தொடாத பண்டம் குறைவு.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த அதே மெஷினில் உங்கள் கேழ்வரகைக் கொட்டினால், முன்னவர் கோதுமையின் மிச்சமும் உங்கள் தூக்கில் விழும். 'முதலில் கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டிவிட்டுத் தருகிறேன்' என்று மில்காரர் நல்ல மனதோடுதான் சொல்வார். அதை நம்பிச் சாப்பிட முடியாது. வீட்டிலேயே அரைத்துக்கொள்வதுதான் பத்திரம். ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லில் வார்த்த தோசையும், சமோசா பொரித்த எண்ணெயில் போட்ட வடையும் இப்படித்தான்.

இதெல்லாம் நோயாளி ஒருவரால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. விருந்துக்கு அழைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது' என்று வற்புறுத்தாதீர்கள். என்னென்ன சேர்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பெருங்காய டப்பாவையும் எடுத்துக் காட்டுங்கள். அவர் வெறும் சோறும் தயிரும் போதும் என்றால், முகம் சுளிக்காமல் அதையே பரிமாறுங்கள்.

(தொடரும்)