மண்ணுக்குத் திரும்பட்டும் - 7: தங்கவயலின் மேடுகள்

சென்ற வாரம் பெங்களூரை அடுத்த மண்டூர் குப்பைமேட்டில் நிறுத்தியிருந்தேன். குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று பெங்களூரு மாநகராட்சி 2012 அக்டோபரில் கட்டாயமாக்கியது. நகரம் அதைப் பழகவில்லை. மண்டூர்க்காரர்கள் விடாமல் போராடி, 2014 முடிவதற்குள் குப்பை லாரிகளை நிறுத்த வைத்தார்கள். மாற்று இடம் தேடியபோது அடிபட்ட பெயர்களில் ஒன்று கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரி 28-ல் மூடிய சுரங்கம் சும்மாதானே கிடக்கிறது என்பது யோசனை. ஊர் எதிர்த்தது.

எதிர்த்தது நியாயம். சோறும் காய்கறித் தோலும் காற்றுப்படாமல் புதைந்தால் உரமாகாது. மீத்தேன் கிளம்பும், கருப்பாகச் சாறு வடியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். பம்புகள் நின்ற பிறகு குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. இங்கே குப்பையைக் கொட்டியிருந்தால், அந்தச் சாறு நிலத்தடி நீரில்தான் கலந்திருக்கும்.

இந்த ஊர் ஏற்கெனவே அடுத்தவர் கழிவைச் சுமந்த ஊர். தொழிலாளர் லைன்களில் உலர் கழிப்பிடங்கள் இருந்தன. அவற்றை மனிதர்கள் கையால் அள்ளினார்கள். அப்படி ஒரு குடும்பத்தில் 1966-ல் இங்கே பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். அந்தக் கொடுமைக்கு எதிரான போராட்டத்துக்காக 2016-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அதே 2016-ல் மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயமானவை என்று மூன்றாகப் பிரித்துத் தருவதை அவை வீட்டுக்காரர் பொறுப்பாக்கின. நகர உரத்துக்கு டன்னுக்கு ரூ.1,500 உதவித்தொகையும் அந்த ஆண்டுதான் அறிவிக்கப்பட்டது. விதியில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் நாப்கினும் பல்பும் கலந்த ஊசிப்போன சோற்றை நாம் வாசலில் வைத்தால், அதைக் கையால் கிளறிப் பிரிக்கப்போவது இன்னொரு துப்புரவுத் தொழிலாளி. தங்கவயலில் நின்று பார்க்கும்போது இது எனக்குச் சுகாதாரப் பிரச்சினையாக மட்டும் தெரியவில்லை.

இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 மதிப்பீடு. சுமார் 1.6 லட்சம் பேர் வாழும் இந்த ஊருக்கு அதைப் பொருத்திப் பார்த்தால், நாளொன்றுக்கு 24 டன் வரும். பாதி வந்தாலும் பெரிய அளவுதான்.

அதற்கு இங்கேயே வேலை இருக்கிறது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மேடுகளில் மண்ணுக்குரிய சத்து கிடையாது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் புகுகிறது. இப்படிப்பட்ட சுரங்கக் கழிவு மேடுகளில் உரமும் மேல்மண்ணும் இட்டுப் புல்லும் மரமும் வளர்ப்பது உலகம் அறிந்த முறை. உண்ணும் பயிர் அங்கே கூடாது. நிழலும் வேரும் போதும். நகராட்சி ஈரக்கழிவைத் தனியாக வாங்கி, தொட்டிகளில் உரமாக்கி, ஒரே ஒரு மேட்டின் சரிவில் இதைத் தொடங்கலாம். எந்த மேட்டில் உலோக நச்சு எவ்வளவு என்று முதலில் சோதிக்க வேண்டும். சோதனை அறிக்கை தமிழிலும் கன்னடத்திலும் வார்டு வார்டாக மக்கள் கையில் கிடைக்க வேண்டும்.