கொலாச்: செக் நாட்டுப் பணியாரம்

செக் மொழியில் ‘கொலோ’ என்றால் சக்கரம். அதிலிருந்து பிறந்ததே ‘கொலாச்’ என்னும் பெயர் என்பர். புளித்துப் பொங்கிய மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் குழி செய்து, இனிப்புப் பூரணம் வைத்து ஓவனில் சுட்டெடுக்கும் பணியாரம் அது. அதே மாவில் பூரணத்தை மூடிச் சுட்டால் ‘புக்தா’. நம் கொழுக்கட்டையைப் போலப் புக்தா தன் இனிப்பை உள்ளே ஒளித்துவைக்கும். கொலாச்சோ அதை வெளியே காட்டும்.

பூரணத்தில் மூன்று வகை சிறப்பானவை. பாலைப் புளிக்கவைத்து நீர் வடித்த கட்டி ஒன்று. பிளம் பழத்தைப் பல மணி நேரம் கிளறிச் சுண்டக் காய்ச்சிய ‘பொவித்லா’ மற்றொன்று. மூன்றாவது, நண்பர்களே, நம் வீட்டுக் கசகசாதான்! நம்முடையது வெண்மை, அவர்களுடையது நீலம் கலந்த சாம்பல் நிறம். குருமாவுக்கு அரைப்பதுபோலவே இதற்கும் அரைத்தாக வேண்டும். முழு விதையில் மணம் வெளிப்படாது. 200 கிராம் கசகசாப் பொடியை அதே அளவு பாலில் 80 கிராம் சர்க்கரையுடன் கெட்டியாகக் கிளறி, சிறிது எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டால் பூரணம் ஆயிற்று. அது தளர்ந்திருந்தால் மாவு ஊறிப்போகும்.

நான் கையாளும் மாவின் அளவு இது: மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி, சர்க்கரை 80 கிராம், வெண்ணெய் 80 கிராம், மஞ்சட்கரு 2, உலர்ந்த ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பால் கொதித்தால் ஈஸ்ட் மடியும். வெண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த மாவில் ஈஸ்ட் மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே மென்மையாகப் பிசைந்து மூடிவைத்து, இருமடங்காகும் வரை காத்திருக்க வேண்டும். இதைக் கடிகாரம் சொல்லாது, மாவே சொல்லும். கோடையில் ஒரு மணி போதும். வடநாட்டுக் குளிரில் இரண்டு மணியும் ஆகலாம்.

பிறகு 20 உருண்டைகளாக்கிச் சற்றே பொங்கவிட்டு, சிறு தம்ளரின் அடிப்பாகத்தால் நடுவில் அழுத்துங்கள். ஓரம் உயர்ந்து நிற்கட்டும். குழியில் பூரணமிட்டு, ஓரத்தில் அடித்த முட்டையைத் தடவி, மேலே மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் பிசறிய உதிரியைத் தூவுங்கள். 180 டிகிரி சூட்டில் 15 முதல் 20 நிமிடத்தில் பொன்னிறமாகும்.

இருபது பணியாரம் ஒருவருக்கு எதற்கு என்று கேட்கலாம். கொலாச் தனியே உண்பதற்கு ஏற்பட்டதன்று. மொராவியாவில் திருமணத்திற்கு முன் உறவினருக்கும் அயலாருக்கும் சிறு கொலாச்சுகளை வழங்குவது வழக்கம். கிழக்கு மொராவியாவின் ‘ஃபெர்கால்’ தட்டளவு பெரியது. பலர் பங்கிட்டு உண்பது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் குடியேறிய செக் மக்கள் இப்பணியாரத்தையும் உடன் கொண்டு சென்றனர். அவர்கள் வழியினரில் பெரும்பாலோர் இன்று செக் மொழி பேசுவதில்லை. ஆயினும் ‘கொலாச்சி’ என்னும் சொல் அவர்கள் நாவில் நிலைத்துவிட்டது. பணியாரம் ஒரு சொல்லைக் காத்தது. மொழி முழுவதையும் காக்க அதனால் இயலவில்லை. தாய்மொழி வழங்கும் மண்ணைவிட்டு வந்து பயிலும் நாம், அடுப்பைப் பற்றவைக்கும்போது இதையும் எண்ணிப் பார்க்கலாம். சுடுவோம், பகிர்வோம், நம் மொழியில் பேசிக்கொண்டே உண்போம்.