எல்லை எங்கே தொடங்குகிறது?

நீண்ட விமானப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இறங்குகிற இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். குளிர், புரியாத அறிவிப்புகள், கண்ணாடிக் கூண்டுக்குள் முத்திரையோடு உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அந்நிய நாட்டின் எல்லை அந்தக் கூண்டில்தான் இருக்கிறது என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால் அது, நாம் கிளம்புகிற ஊரில் பெட்டியை எடை போடுகிற கவுண்டரிலேயே தொடங்கிவிடுகிறது.

கவுண்டரில் இருப்பவர் அரசு அதிகாரி இல்லை. விமானக் கம்பெனிக்காகச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். இருந்தாலும், 'விசா எங்க? திரும்பி வர்ற டிக்கெட் இருக்கா?' என்று முதலில் கேட்பது அவர்தான். எந்த நாட்டு பாஸ்போர்ட்காரருக்கு எங்கே என்ன காகிதம் வேண்டும் என்பதை, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 'டிமாடிக்' என்னும் தகவல் தொகுப்பு அவருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் திரை 'இல்லை' என்றால், அவ்வளவுதான். வரிசையில் நின்றுகொண்டு யாரிடம் போய் முறையிடுவது?

ஒரு தனியார் கம்பெனிக்கு எதற்கு இந்தப் போலீஸ் வேலை? காரணம் அபராதம். இந்தக் கதையில் ஈழத்தமிழருக்கு நேரடிப் பங்கு உண்டு. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரூவில் இறங்கி அடைக்கலம் கேட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் உடைகளைக் களைந்து போட்டு எதிர்த்தார்கள். அடுத்த மாதமே பிரிட்டிஷ் அரசு புதிய சட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டில் அது நிறைவேறியது. உரிய ஆவணம் இல்லாமல் வந்திறங்கும் ஒவ்வொருவருக்கும், ஏற்றி வந்த கம்பெனி 1000 பவுண்ட் கட்டவேண்டும். 1991இல் அது 2000 ஆனது. 2001இல் ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பு நாடுகள் விதிக்கவேண்டிய அபராதத்துக்கு ஆயிரக்கணக்கான யூரோ என்று அளவு வகுத்தது.

இதன் தர்க்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அகதிகள் குறித்த 1951 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, உயிருக்கு அஞ்சி நேராக ஓடி வந்தவர், முறையான காகிதம் இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது. ஆனால் அந்த உரிமையைக் கேட்க அவர் முதலில் போய்ச் சேரவேண்டும். தன்னை வேட்டையாடும் அரசிடமே பாஸ்போர்ட் கேட்க முடியுமா? 'அடைக்கலம் தேடிப் போகிறேன்' என்று சொன்னால் எந்தத் தூதரகம் விசா குத்தும்? ஒப்பந்தத்தில் ஒரு வரியைக்கூட அழிக்காமல், அதை எட்டமுடியாத உயரத்தில் தூக்கி வைத்தாயிற்று. தண்டிப்பது அகதியை அல்ல, கம்பெனியைத்தானே என்று அரசுகள் கையை விரித்துவிடலாம்.

எப்படியோ ஏறி இறங்கிவிட்டால்? 1992இல் பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் சோமாலிய உடன்பிறப்புகள் நால்வர் 20 நாள் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்கள் நிற்பது 'சர்வதேச மண்டலம்', விரும்பினால் வேறெங்காவது போகலாமே என்பது பிரெஞ்சு அரசின் வாதம். பெயர் அப்படி இருந்தாலும் அங்கே செல்லுபடியாவது பிரெஞ்சுச் சட்டமே, அடைத்து வைத்தது அடைத்து வைத்ததுதான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. அதற்கு வெகு முன்பே அவர்களை சிரியாவுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

ஓர்லியில் தடுக்கப்பட்டவர்களுக்கு வழக்காவது இருந்தது. கவுண்டரில் தடுக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை. அவருக்கு அடைக்கலம் மறுக்கப்பட்டதாக எந்தக் கணக்கிலும் ஏறாது. அவர் வெறுமனே 'ஏற்றிக்கொள்ளப்படாத பயணி'. அளவுக்கு மீறி டிக்கெட் விற்றுவிட்டு ஒருவரை ஏற்ற மறுத்தால் 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு தரச் சொல்கிறது ஐரோப்பாவின் 2004 ஆம் ஆண்டு விதி. காகிதம் போதாது என்று நிறுத்தப்பட்டவர் அந்த விதியின் வரையறைக்குள்ளேயே வரமாட்டார்.

அகதி உரிமை என்றதும் நாம் முகாமைப் பேசுகிறோம், நாடு கடத்தலைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். கூடவே, யாரை, எந்தக் காரணத்துக்காக ஏற்ற மறுத்தோம் என்று கம்பெனிகள் எழுத்தில் தரவேண்டும் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டு இல்லாதவரை, வழக்குப் போடக்கூட கையில் ஒன்றும் இருக்காது.