தலைநகரின் பசுமை: ஏட்டிலும் தரையிலும்

இந்திய வன அளவீட்டு நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 1,483 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தில்லியில் 195 சதுர கிலோமீட்டர் வனப் போர்வை உள்ளது. அதாவது, மொத்த நிலப்பரப்பில் 13 சதவிகிதத்திற்குச் சற்று மேல். சாலையோர மரங்கள் போன்றவற்றையும் சேர்த்தால் இது 23 சதவிகிதமாகிறது. பெருநகரங்கள் ஏழினை ஒப்பிட்ட அதே அறிக்கை தில்லிக்கே முதலிடம் அளித்தது. நெரிசலுக்கும் புகைக்கும் பெயர்பெற்ற ஒரு நகரத்திற்கு இது பெருமைக்குரிய கணக்கே.

ஆயினும் இக்கணக்கு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மரங்களின் விதானம் குறைந்தது 10 சதவிகிதப் பரப்பை மூடியிருந்தால், செயற்கைக்கோள் படத்தில் அது வனப் போர்வை எனக் கொள்ளப்படும். நிலம் யாருடையது, மரம் என்ன இனம், உள்ளே செல்ல யாருக்கு உரிமை என்பன பார்க்கப்படுவதில்லை. எனவே மதிலுக்குள் அடைபட்ட ஓர் அலுவலக வளாகத்தின் தோப்பும், பழைமையான பாறைக் காடும் ஏட்டில் ஒரே பத்தியில் ஏறிவிடுகின்றன. ஆனால் தரையில் அவை இரண்டும் ஒன்றல்ல.

பாறைக் காடு

குஜராத்தில் தொடங்கி இராஜஸ்தானம், அரியானா வழியே வடகிழக்காக ஓடிவரும் ஆரவல்லித் தொடர் தில்லியில் முடிவடைகிறது. அதன் கடைசிப் பகுதியே ‘ரிட்ஜ்’ என வழங்கும் பாறைத் தொடராகும். இதன் பரப்பு சுமார் 7,777 ஹெக்டேர். பல்கலைக்கழகத்தை ஒட்டிய வட பகுதி 87 ஹெக்டேர்தான். மையப் பகுதி 864, மெஹரௌலிப் பகுதி 626. எஞ்சிய 6,200 ஹெக்டேரும் தெற்கில் உள்ளது. இப்பாறையின் வெடிப்புகள் வழியாக மழைநீர் உள்ளிறங்கி நிலத்தடியில் சேர்கிறது. நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழிறங்கிவரும் தென் தில்லிக்கு இது அழகுக்கான காடு அன்று. நீருக்கான முதலீடு எனலாம்.

நெடுங்காலம் இக்காட்டைக் காத்தது சட்டத்தைவிடப் பாறையே. உழவுக்கு உதவாத, வீடு கட்டுவதற்கும் செலவு மிகுந்த நிலத்தை யாரும் நாடவில்லை. நகரம் வளர்ந்து நிலவிலை ஏறியபோது நிலைமை மாறிற்று. வீடுகளுக்கு வேண்டிய கல்லும் ‘பதர்ப்பூர் மணல்’ எனப்படும் கட்டுமான மணலும் இப்பாறைத் தொடரிலிருந்தே தோண்டப்பட்டன. அசோலா பகுதி 1986-இலும், பாட்டி பகுதி 1991-இலும் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சுரங்கம் நின்றதெனினும் ஆழ்ந்த குழிகள் எஞ்சின. பிராந்திய இராணுவத்தின் சூழலியல் பணிப்படை 2000-ஆம் ஆண்டு முதல் அங்கு மரம் வளர்த்து வருகிறது. தோண்டுவதற்குச் சில ஆண்டுகள் போதும்; மீட்பதற்கு ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் நடையும் வேகமானதன்று. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒரு நிலத்தைக் காப்புக் காடாக்கும் எண்ணத்தை அறிவிப்பது. உரிமை கோருவோரை விசாரித்து முடித்தபின் 20-ஆம் பிரிவின்கீழ் வெளியிடப்படுவதே இறுதி அறிவிக்கை. ரிட்ஜுக்கு முதல் அறிவிக்கை 1994-இல் வந்தது. முப்பது ஆண்டுகள் கழிந்து 2024-ஆம் ஆண்டிலும் பெரும்பகுதிக்கு இறுதி அறிவிக்கை வெளிவந்திருக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில், தெற்குப் பகுதியில் சாலையை அகலப்படுத்துவதற்காகச் சுமார் 1,100 மரங்கள் உரிய அனுமதியின்றி வெட்டப்பட்டன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதனை நீதிமன்ற அவமதிப்பு எனத் தீர்மானித்து, ஈடாகப் பெருமளவில் மரம் வளர்க்கவும் உத்தரவிட்டது. ஈட்டு மரங்கள் தேவையே. எனினும் நட்ட கன்று நிழல் தரும் மரமாகும் வரையிலான ஆண்டுகளுக்கு ஈடு எந்தக் கணக்கிலும் இல்லை.

எந்த மரம்?

ரிட்ஜின் பெரும்பகுதியில் இன்று காணப்படுவது அம்மண்ணுக்குரிய மரமன்று. புதிய தலைநகருக்குப் பசுமையான பின்னணி வேண்டி, ஆங்கிலேய ஆட்சியினர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு மரம் வளர்க்க முற்பட்டனர். வறட்சியைத் தாங்கி விரைந்து வளரும் அமெரிக்க மரம் ஒன்று அப்போது பரவியது. தில்லியில் ‘விலாயத்தி கீகர்’ எனப்படும் இம்மரம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலம்தான் அது. கோடையிலும் பசுமையாக இருப்பதால் செயற்கைக்கோள் படத்தில் இது நன்மதிப்பெண் பெறுகிறது. ஆனால் இதன் அடர்த்தியில் பலாசும் வெள்வேலமும் முளைத்தெழ இடம் கிடைப்பதில்லை. அவற்றை நம்பிய பறவைகளும் பூச்சிகளும் குறைகின்றன. ஏழைக் குடும்பங்களின் அடுப்புக்கு விறகு தந்த மரம் இது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஒரேயடியாக வெட்டிவிட்டால் மண் வெறுமையாகிவிடும். ஆகவே கிளைகளை மட்டும் கழித்து, வெளிச்சம் இறங்கச் செய்து, அடியில் உள்நாட்டு மரங்களை வளர்க்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு வழிகாட்ட, தில்லி வளர்ச்சி ஆணையம் பழைய கல்வெட்டுக் குழிகள் நிறைந்த நிலத்தில் அமைத்த ஆரவல்லி உயிரினப் பன்மைப் பூங்கா, இத்தகைய மீட்பு இயலும் என்பதற்குச் சான்றாகும்.

பூங்கா யாருக்கு?

காட்டிலிருந்து ஊருக்குள் வந்தால் கேள்வி வேறாகிறது. புகழ்பெற்ற லோதி தோட்டம் 1936-இல் உருவானபோது, அங்கிருந்த கைர்ப்பூர் கிராமத்து மக்கள் வேறிடத்திற்கு அனுப்பப்பட்டனர். இன்று அதில் நுழையக் கட்டணமில்லை என்பது பாராட்டத்தக்கது. புது தில்லியின் அகன்ற சாலைகளில் நிற்கும் நாவல் மரங்களும் பொதுச் சொத்தே. அவற்றின் பழம் பறிக்கும் உரிமையை நகராட்சி மன்றம் பருவந்தோறும் குத்தகைக்கு விட்டு வந்திருக்கிறது. குத்தகைதாரருக்குச் சில வாரங்கள் பிழைப்பு. வழிப்போக்கருக்கு ஆண்டு முழுதும் நிழல்.

குடியிருப்புப் பகுதியின் சிறு பூங்காவில்தான் சிக்கல் கூர்மையாகிறது. 1995 ஜனவரியில், வட தில்லியின் ஒரு பூங்காவில், கழிப்பிட வசதியற்ற அண்டைக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர், அங்கு மலம் கழிக்க வந்தமைக்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் காவல்துறை சுட்டதில் மேலும் நால்வர் மாண்டனர். மதிலின் ஒரு புறத்தார்க்கு அது காலை உலாவுக்கான புல்வெளி. மறுபுறத்தார்க்கோ வேறு எங்கும் கிடைக்காத திறந்தவெளி. அங்கே குறைவாக இருந்தது புல்லன்று, கழிப்பிடம். திட்டமிடுவோர் இவ்விரண்டையும் வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு கோப்புகளில் வைத்திருந்தனர்.

நகர்ப்புறத் திட்டமிடலுக்காக மத்திய அரசு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஆளுக்குப் 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளியைப் பரிந்துரைக்கின்றன. இது சராசரி. தெற்கில் ஆறாயிரம் ஹெக்டேர் காடு இருப்பதால் நகரச் சராசரி உயரலாம். யமுனைக்குக் கிழக்கே சந்துகளில் வாழும் குழந்தைக்கு அதனால் விளையாட இடம் கிடைத்துவிடாது. வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பூங்கா உண்டா, அதன் வாயில் எந்நேரத்தில் திறக்கிறது, கோடையில் அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பவற்றையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். குடிநீரைப் புல்வெளிக்குப் பாய்ச்சுவது எந்த நகருக்கும் கட்டுப்படியாகாது. சுத்திகரித்த கழிவுநீரே இதற்குப் பொருத்தமானது.

தில்லி அரசின் பூங்காச் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு நிதியுதவி அளித்துப் பூங்காப் பராமரிப்பை ஒப்படைக்கிறது. பல இடங்களில் தோட்டக்காரரின் கூலி இதனால் ஒழுங்காகக் கிடைக்கிறது. ஆனால் சங்கம் அமைத்து, பதிவு செய்து, கணக்கு எழுதி வைக்க வசதியுள்ள பகுதிகளே இவ்வுதவியை எளிதில் பெறுகின்றன. குடிசைப் பகுதியை ஒட்டிய பூங்காவுக்கு விண்ணப்பிக்க எவருமில்லை. அத்தகைய பூங்காக்களின் பராமரிப்பை நகராட்சியே நேரடியாக ஏற்க வேண்டும். அதற்கான தொகையை வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் காட்டவும் வேண்டும்.