சுவரும் அலையும்

1931 ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய ஊர்களில் வீடுகள் பெருகின. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பழைய வீடுகள் சில, அடுக்கு மாடிகளுக்கிடையே இன்றும் நிற்கின்றன. அவற்றுள் ஓர் அடிக்கு மேல் கனமுள்ள சுவர்களும் உண்டு. கோடை வெயிலைத் தடுக்கும் அச்சுவர்கள் வேறொன்றையும் தடுக்கின்றன. அதுவே, வைஃபை எனப்படும் கம்பியில்லா இணையத்தின் அலை.

2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையவழி நடைபெற்றபோது, இத்தடையின் கடுமை நன்கு புலனாயிற்று. கூடத்தில் இருந்தவர்க்கு ஆசிரியர் குரல் தெளிவாகக் கேட்டது. உள்ளறையில் இருந்த மாணவனுக்கோ பாதிச் சொற்களே எட்டின. வேகம் போதாதென எண்ணி மாதக் கட்டணத்தை உயர்த்துவதால் இக்குறை தீராது. ஏனெனில், குறை இருப்பது இணைப்பில் அன்று. அலை செல்லும் வழியில்.

வைஃபை அலை வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. 1895 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், நுண்ணலைகளைச் சுவரின் ஊடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். ஆகவே, அலை சுவரை ஊடுருவும் என்பது உண்மையே. ஆயினும், அதன் ஆற்றலில் ஒரு பகுதியைச் சுவர் கவர்ந்துகொள்கிறது. ஒரு பகுதி மோதித் திரும்புகிறது. ஒரு சுவர் ஆற்றலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்குமாயின், அத்தகைய இரு சுவர்களுக்கு அப்பால் நூற்றில் ஒரு பங்கே எஞ்சும். மழையில் ஊறிய சுவர் மேலும் மிகுதியாகக் கவரும். இரும்புப் பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பிவிடும்.

இந்நாளைய ரௌட்டர்கள் பெரும்பாலும் இருவகை அலைகளைப் பரப்புகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிக்கது. ஆனால் சுவரைக் கடப்பதில் வலிமை குன்றியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகத்தில் குறைந்தது. எனினும் சுவரை ஓரளவு நன்கு கடக்கும். முன்னது பந்தயக் குதிரை. பின்னது வண்டி மாடு. அருகிலிருப்போர் முன்னதையும், உள்ளறையில் இருப்போர் பின்னதையும் கொள்ளுதல் தக்கது.

இனி, பரிகாரம் யாது? செலவில்லாத வழி முதலாவது. தெருப்பக்க அறையின் மூலையில், பீரோவின் பின்னே ரௌட்டரை வைத்தல் தவறு. வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த பலகைமேல் வைத்தல் வேண்டும். அலை சுவரை நேராகக் கடந்தால் சுவரின் கனத்தை மட்டுமே கடக்கும். சாய்வாகக் கடந்தால் அதனினும் நீண்ட வழியைக் கடக்க நேரும். இதனையும் எண்ணி இடத்தைத் தேர்தல் நலம். கதவைத் திறந்துவைத்தலும் உதவும்.

அலையை வாங்கி மீண்டும் பரப்பும் கருவிகளும் உள்ளன. அவற்றை அலை நன்கு எட்டும் இடத்திலேயே வைத்தல் வேண்டும். அலை எட்டாத அறையில் வைத்த கருவி, வறண்ட கிணற்றில் இட்ட ஏற்றம் போலப் பயனற்றது. இதுவும் போதாதெனில், லேன் கம்பியைக் கதவுநிலையின் ஓரமாக உள்ளறைக்குக் கொண்டுசென்று, அங்கே இரண்டாவது கருவியை இணைக்கலாம். இக்கம்பி 100 மீட்டர் வரை செல்லும். சுவரின் கனம் அதனைத் தடுப்பதில்லை. ஆதலின் இதுவே உறுதியான வழி.

சுவரை இடிக்க வேண்டுவதில்லை. அலையின் இயல்பை அறிதலே வேண்டும். அறிந்து செய்தால், முன்னோர் கட்டிய வீட்டின் குளிர்ச்சியும் குறையாது. உள்ளறையில் அமர்ந்து பயிலும் பிள்ளைக்குப் பாடமும் தடைப்படாது.