மணமறியும் புலனும் நடுக்குவாதமும்

ஐம்பொறிகளுள் மூக்கின் அருமையை மக்கள் பெரிதும் எண்ணுவதில்லை. கண்ணொளி மங்கின் மருத்துவரை நாடுவோர், மணமறியும் ஆற்றல் குன்றின் முதுமையின் இயல்பென்று வாளா இருந்துவிடுவர். ஆயினும், அக்குறை சிலருக்குப் பின்னர் வரும் நோயொன்றன் முன்னறிகுறியாதல் உண்டு. அந்நோய் நடுக்குவாதம் ஆகும்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த கரிசல் நிலத்து ஊர்கள். அரும்புக்கோட்டை என்பதே அருப்புக்கோட்டை என மருவிற்று என்றும், மல்லிகை அரும்பால் அப்பெயர் வந்தது என்றும் கூறுவர். மல்லிகையின் மணமும், கொத்துமல்லி வறுபடும் மணமும், முதல் மழையில் எழும் மண்ணின் மணமும் இந்நிலத்தார்க்கு நன்கு பழகியவை. இவற்றை முதியவர் ஒருவர் உணராது போகலாம். சில ஆண்டுகள் கழித்து, ஓய்ந்திருக்கும் அவர் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும், கையெழுத்துச் சிறுக்கும்.

இந்நோயை 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரித்தெழுதினார். ஆதலின் அவர் பெயராலும் இது வழங்குகிறது. மூளையில் டோப்பமைன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதே நடுக்கத்திற்குக் காரணம். மணத்தை உணரும் நரம்புப் பகுதி அதற்கு முன்னரே தாக்குறுதல் உண்டு. எனினும், மணம் அறியாதார் எல்லாரும் இந்நோயுடையார் அல்லர். சளி, தலைக்காயம், முதுமை ஆகியவற்றாலும் அக்குறை நேரும்.

நம் நாட்டில் வளரும் பூனைக்காலிக் கொடியின் விதையிலிருந்து, 1937-இல் சென்னைச் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர் இருவர் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். மூளையில் டோப்பமைனாக மாறும் அப்பொருளே 1960-களில் இந்நோய்க்கு மருந்தாயிற்று. ஆயினும், விதையைத் தாமே அரைத்து உண்ணுதல் தகாது. அளவு மிகின் தீங்கு விளையும். மேலும், இம்மருந்து நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்குமேயன்றி, இழந்த மணவுணர்வை மீட்பதில்லை.

உணவிலும் கருத்து வேண்டும். புரதம் மிக்க உணவோடு உட்கொண்டால் லெவோடோபா உடலிற் சேர்வது குறையும். ஆதலின், உண்பதற்கு அரைமணி நேரம் முன்னர் அதனை உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறுவது வழக்கம். இந்நோயாளர் பலர்க்கு மலச்சிக்கல் உண்டு. கரிசலில் விளையும் கம்பு, குதிரைவாலி ஆகியனவும், கீரையும், போதிய நீரும் அதற்குத் துணை செய்யும்.

உயிர்ச்சத்துக்களால் நோய் நீங்குமோ எனின், நீங்காது. வட அமெரிக்காவில் 800 நோயாளரிடம் வைட்டமின் ஈ ஆராயப்பட்டது. அது நோயின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை என 1993-இல் தெரிந்தது. நெடுநாள் லெவோடோபா உட்கொள்வோர்க்கு வைட்டமின் பி12 குறைதல் உண்டு. குருதியைச் சோதித்தறிந்து அதனை ஈடு செய்வர்.

மணம் அறியாதார்க்கு உணவு சுவைப்பதில்லை. அதனால் உணவு குறைந்து உடல் மெலிவர். சிலர் உப்பை மிகுதியாகச் சேர்ப்பர். கெட்ட உணவையும், அடுப்பிற் கசியும் எரிவாயுவையும், புகையையும் அவர் அறியார். ஆகவே, அவருக்காகப் பிறர் மோந்தறிதல் வேண்டும். எலுமிச்சை, இஞ்சி, மிளகு ஆகியவற்றைச் சேர்த்துச் சமைத்தால் நாவுக்கேனும் சுவை தோன்றும்.

“குழம்பில் மணமில்லையே” என்று முதியவர் கூறின், சமைத்தவர் சினவாதிருத்தல் வேண்டும். குறை குழம்பிலா, மூக்கிலா என்று ஆராய்ந்து, வேண்டின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் இளையோர் கடமையாகும்.