குளிர்ந்த எஞ்சின் நின்றுபோவது ஏன்?

மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் காரைப் பேணி வருவோர் இன்றும் பலர் உளர். குளிர்கால விடியற்காலையில் அதன் பெட்ரோல் எஞ்சின் கிளம்பியதும் சற்றே குலுங்கி நின்றுவிடுவதுண்டு. காரணம் யாது?

பெட்ரோல் செவ்வனே எரிய, எடையளவில் ஏறக்குறைய 15 மடங்கு காற்று வேண்டும். ஆனால் பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். குளிர்ந்த செம்பின்மீது நீர்த்துளி படிவதுபோல, குளிர்ந்த உறிஞ்சுகுழாயின் சுவரில் பெட்ரோல் படிந்துவிடுகிறது. உருளைகளை அடையும் கலவையில் எரியத்தக்க ஆவி குறைகிறது. இக்குறையை ஈடுசெய்வதே சோக்கின் பணி. எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் சோக் குமிழைச் சிறிது இழுத்தால் திராட்டில் தட்டு சற்றே திறந்து வேகம் கூடும். மேலும் இழுத்தால் ஜெட் கீழிறங்கிக் கலவை செறிவுறும்.

ஆகவே, குளிர்ந்தபோது மட்டும் எஞ்சின் நின்றால், சாதாரண மெதுவோட்டத் திருகாணியைத் திருப்பலாகாது. திருப்பினால், சூடேறியபின் எஞ்சின் மிகைவேகத்தில் ஓடும். முதலில் சோக் கம்பி தளர்ந்துள்ளதா, உறிஞ்சுகுழாய் இணைப்பில் காற்றுக் கசிவு உண்டா என நோக்குக. பின்னர் எஞ்சினைச் சூடேற்றி மெதுவோட்டத்தைச் சீராக்குக. இறுதியாக, சோக்குடன் இணைந்த விரைவோட்டத் திருகாணியைத் திருத்துக.

சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லையேல் மிகுதிப் பெட்ரோல் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவித் தேய்மானம் விளைவிக்கும்.

இச்சோதனைகளைத் திறந்த வெளியிலேயே செய்க. செறிந்த கலவை அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்ஸைடு மிகுதியாக வெளிப்படும். நிறமும் மணமுமற்ற அவ்வாயு, மூடிய கொட்டகையில் உயிரையே பறிக்கவல்லது.